மடங்கிக்கொண்ட குழாய்

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு மண்மேடு இருந்தது. ஒவ்வோர் ஐப்பசியிலும் மழை அதில் ஒரு பகுதியைக் கரைத்துக்கொண்டு போகும். போன ஆண்டு அதன்மேல் புல்விரிப்பு போட்டார்கள். நாள் தவறாமல் தண்ணீர் குடித்து, வேரைக் கீழே விடாமலே வளர்ந்த புல். முதல் பெருமழையில், பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்படும் விருந்தாளி போல, மேல்மண்ணோடு வழுக்கி இறங்கிவிட்டது. இன்னொரு மழைக்காலம் அப்படிப் போனால் தான் மிஞ்சப்போவதில்லை என்று மேட்டுக்குத் தெரியும்.

இந்தத் தையில் தோட்டக்காரி பஞ்சவர்ணம் அதில் பொடுதலைக் கொடிகளை ஊன்றினாள். தரையோடு படர்வது, கோடையிலும் பச்சை மாறாதது. பஞ்சவர்ணத்துக்கு இரக்க மனசு. கொடி பிடித்துக்கொண்ட பிறகும் காலையும் மாலையும் ரப்பர் குழாயை இழுத்துவந்து மேலாக நனைத்தாள்.

"வேரைக் கொஞ்சம் கீழே விடேன்," என்றது மேடு.

"எதுக்கு? வேளாவேளைக்கு மேலேயே வந்துடுது," என்றது பொடுதலை. "கீழே உன்கிட்ட என்ன இருக்கு, கல்லுதானே?"

மேடு குழாயிடம் பேசிப் பார்த்தது. "அண்ணே, நீங்க கொஞ்ச நாள் வராம இருக்கணும்."

"நல்லா இருக்கே. செடி காஞ்சா பழி யார்மேல?"

"உங்கமேலதான்."

குழாய் சிரித்துவிட்டது. "மறைக்காம சொல்றே பாரு."

"போன வருஷம் அந்தப் புல்லுக்கும் நீங்கதான் ஊத்துனீங்க. அது இப்ப எங்கே?"

மறுநாள் பஞ்சவர்ணம் தண்ணீரைத் திறந்ததும் குழாய் நடுவில் மடங்கிக்கொண்டது. நிமிர்த்தினாள், வேறிடத்தில் மடங்கியது. நான்கு நாள் மல்லுக்கட்டினாள். "உன்னோட மாரடிக்க என்னால ஆகாது," என்று மேட்டடியில் இருந்த கொட்டகைக்குப் பின்னால் வீசிவிட்டாள். குடத்தோடு ஏறிப் பார்த்தாள். இரண்டு முறை வழுக்கியதும் அதையும் விட்டாள்.

சித்திரையில் பொடுதலையின் ஓரங்கள் பழுப்பாயின. "நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டான்," என்று குழாயைத் திட்டியது. திட்டிக்கொண்டே வேரை ஒரு விரற்கடை கீழே விட்டது. பிறகு இன்னும் ஒரு விரற்கடை. மேடு தன் கற்களுக்கிடையே இருந்த சந்துகளை எல்லாம் அதற்குக் காட்டிக்கொடுத்தது.

"இங்கே ஈரம் இருக்கே," என்றது பொடுதலை ஒருநாள். "முதல்லயே சொல்றதுக்கென்ன?"

மேடு இன்னும் ஆழத்தில் ஓர் இடுக்கைக் காட்டியது.

ஐப்பசி மழை மூன்று நாள் அடித்தது. மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீர் மண் கலக்காமல் தெளிவாக இருந்தது. அன்றைக்குத்தான் மேடு, குழாய் ஏன் மடங்கியது என்பதைச் சொன்னது. பொடுதலை அன்றிரவே ஒரு கொடியைக் கொட்டகைப் பக்கம் இறக்கியது.

பங்குனியில் பஞ்சவர்ணம் பழைய சாமான் வாங்குகிறவரைக் கூட்டிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் போனாள். குழாய் கிடந்த இடத்தைப் பொடுதலை மூடியிருந்தது. சின்னச் சின்ன வெள்ளைப் பூக்களுக்கு நடுவே குழாயின் நுனி மட்டும் தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

"இங்கே எடுக்கிற மாதிரி ஒண்ணுமில்லைங்க," என்றாள்.