கிணற்றடிக்குப் போகும் வழி

அநியாயம் நடந்தது இருளாயிக்கு. முள் மண்டிக் கிடந்த கோயில் நந்தவனத்தை யார் திருத்துகிறார்களோ, அவர்களே அதில் பூ வைத்துப் பிழைக்கலாம் என்று ஊர் கூடிச் சொன்னது. ஒருவரும் வரவில்லை, அவள் வந்தாள். கை கிழியக் கிழியச் சூரைமுள்ளை வெட்டி, பாதி நிலத்தில் மல்லிகைப் பதியனும் போட்டுவிட்டாள். அதன்பிறகுதான் பண்ணையார் தில்லைநாயகத்துக்கு அந்த இடம் கண்ணில் பட்டது. அன்று சாயங்காலமே ஊரை அங்கே கூட்டினார்.

"இது நாங்க கைவிட்ட இடமில்ல. நடுவுல இருக்கிற கிணத்தடியில தினமும் பொழுது சாய நான்தான் போய் விளக்கேத்துறேன். இல்லைன்னு சொல்ல உன்கிட்ட சாட்சி இருக்கா? இல்லேன்னா நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராதே."

நடக்காத ஒன்றுக்கு எங்கே போய்ச் சாட்சி தேடுவது? அதைக் கேட்டிருக்க வேண்டிய பெரிய மனிதர்கள் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இருளாயி தரையைப் பார்க்கவில்லை. கிணற்றைச் சுற்றி ஆள் உயரத்துக்கு, கோழிகூட நுழைய முடியாதபடி இன்னும் நின்ற முள்ளைப் பார்த்தாள். அரிவாளைக் கீழே வைத்தாள்.

"சாட்சி எதுக்குங்கய்யா? பொழுது சாஞ்சிருச்சு, விளக்கேத்துற நேரம். தினமும் போற வழியில நீங்க முன்னால நடங்க, நாங்க எல்லாரும் பின்னாலயே வர்றோம்."