அடுப்பின் சாட்சி

தூத்துக்குடிப் பக்கம் ஒரு பழைய வீட்டில் ஒரு கேஸ் அடுப்பு இருந்தது. வாய்க்கொழுப்புக்குக் குறைவே இல்லை. "என் மேல ஏறின எந்தக் கிருமியும் உயிரோட இறங்கினதா சரித்திரமே கிடையாது" என்று பாத்திரங்களிடம் பீற்றிக்கொள்ளும். அது பொய்யும் இல்லை.

அந்த வீட்டு ஜெசிந்தாவின் மகள் அமலிக்கு மூன்று வயது. கொஞ்ச நாளாக ஓயாத வயிற்றுவலி. சாப்பாடு இறங்கவில்லை. பேசிய வார்த்தைகள்கூட மறந்துபோயின. பதறிப்போன ஜெசிந்தா குடிதண்ணீரை இன்னும் அதிக நேரம் கொதிக்கவைத்தாள். சட்டியில் பாதி வற்றும்வரை அடுப்பும் மூச்சைப் பிடித்து எரிந்தது.

ஒருநாள் கொதிக்கிற தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "அண்ணாச்சி, சௌக்கியமா?"

"எவம்ல அது? இன்னுமா சாகல?"

"நான் காரீயம், உலோக விஷம். சுவருக்குள்ள கெடக்க பழைய குழாயில இருந்து கரைஞ்சு வாரேன். உயிர் இருந்தாத்தானே சாக? நீங்க தண்ணிய ஆவியா விரட்ட விரட்ட, மிச்சத்துல நான் தடிச்சுக்கிட்டே போறேன். எல்லாம் உங்க புண்ணியம்!"

"டாக்டர் உன்னைக் கண்டுபிடிச்சிருவாரு, பாத்துக்கோ."

"எங்க? பாப்பா உடம்புக்குள்ள நானும்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். 'தண்ணி எப்படி?'ன்னு கேட்டாரு. 'நல்லாக் கொதிக்கவச்சுத்தான் குடுக்கேன்'னு அக்கா சொன்னாக. அதோட விட்டுட்டாரு. எனக்குச் சாட்சியே நீங்கதான், அண்ணாச்சி."

அடுப்புக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடப் பாவமே, பிள்ளைக்கு நல்லது என்றல்லவா இத்தனை நாள் எரிந்தது!

மறுநாள் காலை மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன், பிள்ளைக்குத் தண்ணீர் கொதிக்கவைக்க ஜெசிந்தா அடுப்பைத் திருகினாள். அது மூச்சை அடக்கிக்கொண்டது. எத்தனை தீக்குச்சி கிழித்தும் பற்றவில்லை. "சனியனே, இன்னைக்குன்னு பாத்து காலை வாருதியே!" என்று திட்டினாள். பாத்திரங்கள் கேலியாகச் சிரித்தன. அத்தனையையும் அடுப்பு வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டது.

"தண்ணி கொதிக்கவச்சதுதானேம்மா?" என்றார் டாக்டர், அமலியின் பாட்டிலைப் பார்த்து.

"இன்னைக்கு அடுப்பு பத்தல டாக்டர். குழாய்த் தண்ணிய அப்படியே பாட்டில்ல பிடிச்சாந்துட்டேன்."

"அப்படியா? அதைக் குடுங்க. குழந்தை ரத்தத்தோட இதையும் கிருமி, விஷம்னு எல்லா டெஸ்டுக்கும் அனுப்பிப் பாத்துருவோம்."

இரண்டிலும் காரீயம் இருந்தது. தகவல் வந்த அன்றே ஜெசிந்தாவின் புருஷன் சேவியர் சுவரை உடைத்து அந்தக் குழாயைப் பிடுங்கி எறிந்தான். அமலி மெல்ல மெல்லத் தேறினாள். ஒருநாள் அடுக்களை வாசலில் வந்து நின்று, "அம்மா, பசிக்கு" என்றாள். ஜெசிந்தா அழுதுகொண்டே சோறு வைத்தாள்.

அடுப்பு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

"கிருமியக் கொன்னீங்க, சரி" என்றது சட்டி. "சாகவே சாகாத அவனை எப்படி அண்ணாச்சி ஜெயிச்சீங்க?"

"அணைஞ்சு" என்றது அடுப்பு.