இன்னொரு தம்ளர்

பஞ்சாலையில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்ற புண்ணியகோடி ஆற்றங்கரை மடத்தில் சீடராகச் சேர்ந்திருந்தார். மடமும் புதிது, குருவும் வயதில் அவரைவிடச் சின்னவர். அதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. அவருடைய ஒரே கவலை தீட்சை.

குரு அவருக்குச் சமையல்கட்டுப் பொறுப்பைக் கொடுத்திருந்தார். அங்கே சமைப்பவர்கள் காத்தாயியும் பிச்சுமணியும். சமைப்பவர்கள் என்பதுகூடக் கொஞ்சம் அதிகம்தான். உப்பு எவ்வளவு, புளி எவ்வளவு, கடுகு எப்போது வெடிக்க வேண்டும் என்பதெல்லாம் புண்ணியகோடி சொல்வார். அவர்கள் கையை மட்டும் ஆட்டுவார்கள். ஒருநாள் அவர் தியானத்தில் இருந்தபோது பொங்கல் அடிப்பிடித்தது. இறக்கலாமா என்று கேட்பதற்காக இருவரும் மண்டப வாசலில் கைகட்டிக் காத்திருந்தார்கள். அவர் கண்ணைத் திறந்தபோது புகையும் வந்து சேர்ந்திருந்தது.

அன்று மாலை குருவிடம் போனார்.

“சுவாமி, எனக்கு எப்போ தீட்சை?”

“உங்க சமையல்கட்டுல யாராவது, நீங்க சொல்லாத ஒண்ணைச் செஞ்சு, தானா உங்ககிட்ட கொண்டுவந்து நீட்டட்டும். அன்னைக்கே வாங்க.”

இவ்வளவுதானா என்று புண்ணியகோடிக்குச் சிரிப்பு வந்தது. நேரே போய் இருவரையும் எதிரே நிற்க வைத்தார்.

“நாளைக்கு நான் சொல்லாத ஒண்ணை நீங்க செய்யணும்.”

“என்ன செய்யணும்னு சொல்லுங்கய்யா, செஞ்சிடறோம்,” என்றாள் காத்தாயி.

“அதைத்தான் சொல்லக் கூடாது.”

“சரிங்கய்யா. உப்பு மட்டும் எவ்வளவுன்னு சொல்லிடுங்க.”

“எதையும் சொல்லக் கூடாது.”

மறுநாள் சாம்பாரில் உப்பே இல்லை.

“ஐயா போடச் சொல்லவே இல்லீங்களே,” என்றான் பிச்சுமணி.

குரு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார். “இது அவங்களாச் செஞ்சதா?”

“நான் சொல்லித்தான் சுவாமி,” என்று புண்ணியகோடி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் அவருக்குப் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. ஆலைக்குக் கோட்டு போட்ட ஒருவர் வந்து, வேலையாட்களைப் பாராட்டினால் ஊக்கம் பிறக்கும் என்று வகுப்பெடுத்தார். பாதியில் தூங்கிவிட்டதால் மீதி தெரியாது. தெரிந்த பாதியை வைத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்.

“காத்தாயி, அடுப்பு எரியுது. பிரமாதம்.”

“பிச்சுமணி, வெங்காயத்தை என்ன அழகா உரிக்கறே.”

மத்தியானத்துக்குள் காத்தாயி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவின் முன்னால் போய் நின்றாள்.

“ஐயா என்னை வேலையை விட்டு அனுப்பப் போறாருங்க சாமி. காலையிலேர்ந்து ஒருதரம்கூடத் திட்டல.”

குரு புண்ணியகோடியைக் கூப்பிட்டார். “நாளைக்கு நான் சமையல்கட்டுக்கு வர்றேன். நீங்களும் பக்கத்துல உட்காருங்க. ஆனா வாயைத் திறக்கக் கூடாது.”

மறுநாள் குரு தரையில் உட்கார்ந்து அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். காத்தாயி அவரிடம் கேட்டாள்.

“ரசத்துக்குப் புளி எவ்வளவு சாமி?”

“எனக்கு என்னம்மா தெரியும்? நீங்க என்ன நினைக்கறீங்க?”

காத்தாயி புண்ணியகோடியைப் பார்த்தாள். அவர் உதடு துடித்தது, ஆனால் சத்தம் வரவில்லை. அவள் மெதுவாகச் சொன்னாள்.

“புளிக்குப் பதிலா விளாங்காய் போட்டா எப்படியிருக்கும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு நெனப்பு.”

“போடுங்களேன்.”

ரசம் துவர்த்தது. சாதாரணத் துவர்ப்பு இல்லை, நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. பந்தியில் பாதிப் பேர் தண்ணீர் கேட்டார்கள். குரு தம்ளரைக் காலி செய்துவிட்டு நீட்டினார்.

“இன்னொரு தம்ளர் ஊத்துங்கம்மா.”

காத்தாயி ஊற்றினாள். “துவர்க்குதுங்க சாமி. நாளைக்கு நல்லாப் பழுத்ததாப் பாத்து, கொஞ்சம் வெல்லமும் கிள்ளிப் போட்டுப் பாக்கணும்,” என்றாள்.

கை கழுவும் இடத்தில் புண்ணியகோடி குருவைப் பிடித்துக்கொண்டார்.

“ரசம் நல்லா இருந்ததா சுவாமி?”

“வாயில வைக்க முடியல.”

“பின்னே எதுக்கு இன்னொரு தம்ளர்?”

“நாளைக்கும் அவங்க சமைக்கணுமே.”

அதற்குப் பிறகு புண்ணியகோடி பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. கடுகு அதன் இஷ்டத்துக்கு வெடித்தது. கீரை ஒருநாள் பச்சையாக வந்தது, ஒருநாள் கறுப்பாக வந்தது. காத்தாயி எதையாவது கேட்டால், “நீயே பாத்துக்க” என்று சொல்லிவிட்டுத் துண்டின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிச்சுமணிகூட அவருக்குப் பல்வலி என்றுதான் நினைத்திருந்தான்.

ஒரு மாலை, யாரும் கேட்காமலே, காத்தாயி ஒரு தம்ளரோடு வந்து நின்றாள்.

“வாழைத்தண்டுப் பாயசங்கய்யா. இப்பதான் தோணுச்சு. முதல்ல நீங்க குடிச்சுப் பாருங்க.”

குடித்தார். நார் பல்லில் சிக்கியது. பாயசத்தில் வாழைத்தண்டைப் போட யாரைக் கேட்டாய் என்ற கேள்வி, பழக்க தோஷத்தில், நாக்கு நுனி வரை வந்துவிட்டது. காத்தாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கேள்வியைப் பாயசத்தோடு சேர்த்து விழுங்கிவிட்டுத் தம்ளரை மறுபடி நீட்டினார்.

அப்புறம் குருவிடம் போனார்.

“காத்தாயி கொண்டுவந்து நீட்டினா சுவாமி.”

“எப்படி இருந்தது?”

“கண்றாவி. ரெண்டு தம்ளர் குடிச்சேன்.”

“அப்போ தீட்சைக்கு வந்திருக்கீங்க.”

புண்ணியகோடிக்குக் கண் கலங்கியிருந்தது.

“ஆலையில எனக்குக் கீழே எத்தனையோ பேர் வேலை பாத்தாங்க சுவாமி. ஒருத்தர்கூட என்கிட்ட ஒண்ணும் கொண்டுவந்து நீட்டினதில்ல. அவங்களுக்கு ஒண்ணுமே தோணலைன்னுதான் இத்தனை நாளும் நினைச்சிட்டிருந்தேன்.”

குரு எதிரே கிடந்த பலகையைக் காட்டினார்.

“உட்காருங்க. தீட்சை கொடுக்கறது எனக்கும் இதுதான் முதல் தடவை. சரியா வரலைன்னா, கூச்சப்படாம இன்னொரு தரம் கேளுங்க.”