விளையாட மறுத்த சாணி வண்டு

மூங்கில்பாறைக் காட்டில் குப்பாண்டி என்ற சாணி வண்டு வாழ்ந்து வந்தது. யானையோ, காட்டெருமையோ, மானோ, யார் சாணி போட்டாலும் அதை உருண்டையாக்கும். தலைகீழாக நின்று, பின்னங்கால்களால் தள்ளிக்கொண்டே போய் மண்ணில் புதைக்கும். அதன் அப்பன் செய்தது, பாட்டன் செய்தது, அதுவும் செய்தது.

சாணியை மட்டுமல்ல, மனக்குறையையும் அது அப்படித்தான் உருட்டும். யாராவது ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். அதை உள்ளுக்குள் உருட்டி உருட்டிப் பெரிதாக்கி, பத்திரமாகப் புதைத்து வைத்துக்கொள்ளும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு முயல் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் தாண்டிப் போனது. அது எந்த முயல், என்ன கிழமை, எந்தக் காது மடங்கியிருந்தது என்று கேட்டால் குப்பாண்டி இன்றைக்கும் சொல்லும்.

அதன் மனைவி பூவாயிக்கு இருந்தது ஒரே ஒரு குறைதான்.

“என்னங்க, எங்கம்மாவைப் பார்த்து ஆறு வருஷமாச்சு.”

பூவாயியின் அம்மா வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் இருந்தது. பறந்தால் பூவாயிக்குத் தலை சுற்றும். நடந்துதான் போக வேண்டும். போக ஒரு நாள், தங்க ஒரு நாள், வர ஒரு நாள். ஆக மூன்று நாள் ஓய்வு வேண்டும். சாணி வண்டுகளுக்கு யார் ஓய்வு கொடுத்தார்கள்?

இத்தனைக்கும் அந்தக் காட்டில் ஓய்வு நாள் இல்லாமல் இல்லை. சித்திரை மாதம் உழைப்பாளர் திருநாள் வரும். மூன்று நாள் விடுமுறை. எறும்புக்கு உண்டு, கரையானுக்கு உண்டு, தேனீக்கு உண்டு, தூக்கணாங்குருவிக்கு உண்டு, கழுதைக்கும் உண்டு. விழா நடக்கும் திடலின் ஓரத்தில் நிற்கும் இலுப்பை மரத்தில் உழைப்பாளிகளின் பெயரையெல்லாம் கொத்தி வைத்திருந்தார்கள். போன வருஷம் மயிலின் பெயரையும் சேர்த்தார்கள். ஆடுவது கடினமான வேலையாம். சாணி வண்டின் பெயர் மட்டும் அதில் இல்லை.

திருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது குப்பாண்டி மந்திரி நரியைத் தேடிப் போனது. நரி ஒரு நிழலில் படுத்துக்கொண்டு, விழாவில் பேசப் போவதை முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டிருந்தது.

“மந்திரியாரே, எங்களுக்கும் மூணு நாள் ஓய்வு வேணுமுங்க.”

“எதிலேருந்து ஓய்வு?”

“வேலையிலேருந்துதான்.”

நரி எழுந்து உட்கார்ந்தது. “நீ என்னப்பா வேலை செய்யறே?”

“சாணி உருட்டறேன்.”

“உருண்டை உருட்டறே. அவ்வளவுதானே? எங்க வீட்டுக் குட்டிகளும் நாளெல்லாம் நெல்லிக்காயை உருட்டுது. அதுங்களுக்கும் விடுமுறை கொடுக்கணுமா? அதுக்குப் பேரு விளையாட்டுப்பா. நீங்கதான் இந்தக் காட்டிலேயே கொடுத்து வச்சவங்க. வருஷம் பூரா விளையாட்டு.”

குப்பாண்டிக்குக் கொம்பு துடித்தது. அந்தச் சொல்லை எடுத்து உள்ளுக்குள் வைத்துக்கொண்டது.

“இன்னொண்ணு கேட்டுக்கோ,” என்றது நரி. “முதல் நாள் சாயங்காலமே எல்லா மிருகமும் திடலுக்கு வந்துடும். விருந்து இருக்கு. காலையில ராஜா வரும்போது திடல் துடைச்சு விட்ட மாதிரி இருக்கணும். இல்லேன்னா உங்க வண்டுக் கூட்டத்தையே ராஜா காட்டைவிட்டு விரட்டிடுவார். ஆமாம், சொல்லிட்டேன்.”

குப்பாண்டி அங்கிருந்து நேராக உழைப்பாளர் சங்கத் தலைவரிடம் போனது. தலைவர் ஒரு மரங்கொத்தி. பெயர் கொண்டையன். ஏழை எளியவர்களிடம் அன்பாகப் பேசும். பேசுவதோடு சரி.

“வாங்க தோழர் குப்பாண்டி! உங்க ஞாபகமாவேதான் இருந்தேன்.”

“அப்போ பேரைக் கொத்திடுங்க.”

“கொத்தலாம். எனக்கு ஒண்ணுமில்லை. ஆனா யோசிங்க. மரத்துல தேனீ பேருக்குக் கீழே சாணின்னு எழுதினா தேனீங்க சும்மா இருக்குமா? ஒற்றுமை கெட்டுப் போகும் தோழர். அடுத்த வருஷம் பார்ப்போம்.”

“ஆறு வருஷமா அடுத்த வருஷம்னுதான் சொல்றீங்க. எங்க கொள்ளுத்தாத்தா இல்லாட்டி உங்களுக்கு இந்த நாளே கிடையாது.”

மரங்கொத்தி சுற்றும் முற்றும் பார்த்தது. “அதெல்லாம் வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதீங்க. நல்லாவா இருக்கு?”

வெளியில் சொல்ல அப்படி என்ன வெட்கம்? நடந்தது இதுதான்.

இப்போதுள்ள சிங்க ராஜாவின் தாத்தா காலத்தில், காட்டில் ஓய்வு என்ற பேச்சே கிடையாது. ராஜாவின் குளத்துக்காக ஓடையின் குறுக்கே கல் அணை கட்டினார்கள். விடிந்ததும் சுமக்க ஆரம்பித்தால் ஆந்தை அலறும்வரை சுமக்க வேண்டும். ஒரு நாள் ஒரு கழுதை முதுகில் கல்லோடு விழுந்து செத்துப்போனது. அந்தச் சிங்கம் வந்து பார்த்தது. “கல் உடையலையே? எடுத்து அடுத்த கழுதை மேல வையுங்க,” என்று சொல்லிவிட்டுப் போனது.

அன்றைக்கு எல்லா உழைப்பாளிகளும் போய் இலுப்பை மரத்தடியில் உட்கார்ந்துவிட்டார்கள். “ஒரு நாளை மூணாப் பிரிச்சுக் கொடு. ஒரு பங்கு வேலைக்கு, ஒரு பங்கு தூக்கத்துக்கு, ஒரு பங்கு எங்க பிள்ளைகுட்டிக்கு. அதுவரைக்கும் எழுந்திரிக்க மாட்டோம்,” என்றார்கள். மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் சிங்கம் யானைப்படையை அனுப்பியது. எல்லோரையும் மிதித்துத் தள்ளச் சொல்லி உத்தரவு.

அப்போதுதான் குப்பாண்டியின் கொள்ளுத்தாத்தா தன் சனங்களைக் கூட்டிக்கொண்டு திடலை ஒட்டிய சரிவின்மேல் ஏறியது. ஆயிரம் வண்டுகள், ஆயிரம் ஈரச் சாணி உருண்டைகள். யானைகள் இறங்கிப் பாதிச் சரிவுக்கு வந்ததும் அத்தனையையும் உருட்டிவிட்டன. முதல் யானை கால் வழுக்கி உட்கார்ந்தது. அடுத்த யானை அதன்மேல் உட்கார்ந்தது. அப்படியே வரிசையாகச் சறுக்கி, மரத்துக்குப் பக்கவாட்டில் போய் ஓடையில் விழுந்தன. ஓர் உயிர்கூடப் போகவில்லை. மானம்தான் போனது. அன்று மாலையே சிங்கம் இறங்கி வந்தது. ஒரு நாள் மூன்று பங்கானது. வருஷத்தில் அந்த மூன்று நாளும் விடுமுறை ஆனது.

மரத்தில் பெயர் கொத்தும்போதுதான் எல்லோருக்கும் கூச்சம் வந்தது. சாணியால் ஜெயித்தோம் என்று பேரப்பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? வண்டுகளை விட்டுவிட்டார்கள். கதையில் அந்த இடம் காலியாக இருந்ததால், பின்னாளில் நரி வம்சம் வந்து வேறு கதையை வைத்துவிட்டது. ராஜாவின் தாத்தா ஒரு நாள் காலையில் கண்விழித்தாராம், நெஞ்சில் கருணை பொங்கியதாம், விடுமுறை கொடுத்தாராம்.

குப்பாண்டி வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் மனைவியிடம் கொட்டியது. பூவாயி அம்மாவுக்குக் கொண்டுபோக, நல்ல மான் சாணியாகப் பார்த்து உருட்டி ஓர் இலையில் சுற்றி வைத்திருந்தது. அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னது:

“திருட்டுத்தனமா ஓடிப்போறதா இருந்தா நான் வரலை. எங்கம்மா வீட்டுக்கு மரியாதையாத்தான் போவேன்.”

“அந்த நரி விளையாட்டுன்னு சொல்லுது புள்ள!”

“சொன்னா சொல்லட்டும். விளையாட்டுன்னா, விளையாட மனசில்லைன்னு உட்கார்ந்துட வேண்டியதுதானே? மனசில்லாதவனை எந்த ராஜா விளையாடச் சொல்ல முடியும்?”

குப்பாண்டி மனைவியை உற்றுப் பார்த்தது. பிறகு வெளியே போய், வளை வளையாக எல்லா வண்டுகளிடமும் அதைச் சொல்லிவிட்டு வந்தது.

திருநாளுக்கு முந்தின மாலை எல்லா மிருகங்களும் திடலில் கூடின. விருந்து பலமாக இருந்தது. இருபது யானை, நாற்பது காட்டெருமை, மான்களுக்குக் கணக்கில்லை. எல்லாம் வயிறு முட்டத் தின்றன. தின்றால் என்ன ஆகும்? அது ஆனது.

விடிந்தபோது திடலில் கால் வைக்க இடமில்லை. வண்டுகள் எல்லாம் ஓரத்துப் புதரடியில் உட்கார்ந்து இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தன. பூவாயி இலைப் பொட்டலத்தோடு தயாராக இருந்தது.

சரிவின்மேல் இருந்த பாறையில் ராஜா வந்து அமர்ந்தார். பிடரியைச் சிலுப்பி மூக்கைச் சுளித்தார். நரி அவசரமாகப் பேச்சைத் தொடங்கியது.

“பெரியோர்களே! ராஜாவின் தாத்தா ஒரு நாள் காலையில் கண்விழித்தார். அவர் நெஞ்சில் கருணை...”

ஓர் ஈ அதன் வாய்க்குள் போனது. நரி இருமியது. மறுபடி “கருணை” என்றது. இன்னும் இரண்டு ஈ போயின. அப்புறம் கருணை வரவேயில்லை.

அடுத்து மயில் ஆட வந்தது. தோகையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றியது. தோகை தரையெல்லாம் பெருக்கிக்கொண்டு வந்தது. மயில் திரும்பிப் பார்த்தது. ஒரு சத்தம் போட்டுவிட்டு ஓடைக்கு ஓடியது.

“போதும், பூவைக் கொடுத்து முடிச்சிடறேன்,” என்றார் ராஜா. உழைப்பாளிகளுக்கு ஆளுக்கொரு சிவப்பு முள்முருங்கைப் பூ கொடுப்பது வழக்கம். பூவை வாயில் கவ்விக்கொண்டு ராஜா சரிவில் இறங்கினார். இரண்டு அடிதான் வைத்தார். முன்னங்கால் வழுக்கியது. பின்னங்கால் அதன் பின்னால் போனது. அப்படியே சறுக்கிக்கொண்டு வந்து இலுப்பை மரத்தடியில், புதிதாக இருந்த ஒரு குவியலின்மேல் உட்கார்ந்தார்.

ஒரே ஒரு சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்டது. காட்டிலேயே வயதான யானை பெரியநாச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தது.

“மன்னிக்கணும் ராஜா. எங்க பாட்டியும் இதே சரிவில இப்படித்தான் வந்து உட்கார்ந்தாளாம். சாகிற வரைக்கும் இடுப்பு வலின்னு சொல்லிக்கிட்டே இருந்தா. உங்க தாத்தா உழைப்பாளிங்களையெல்லாம் மிதிக்க அனுப்பினப்போ, வண்டுங்க உருட்டிவிட்டதில வழுக்கினது. கருணையாம் கருணை! எங்க பாட்டி இடுப்பைக் கேட்டிருந்தா அது சொல்லியிருக்கும்.”

திடலில் முணுமுணுப்பு எழுந்தது. நரி பாய்ந்து புதரடிக்கு வந்தது.

“டேய் குப்பாண்டி! யாரைக் கேட்டு வேலையை நிறுத்தினே?”

குப்பாண்டிக்கு நரி முன்பு சொன்னது ஞாபகம் வந்தது. விரட்டிவிட்டால் ஓடைக்கு அந்தப் பக்கமும் இல்லை, இந்தப் பக்கமும் இல்லை. திரும்பிப் பார்த்தது. பூவாயி பொட்டலத்தை அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. குப்பாண்டி முன்னால் வந்தது.

“வேலையா? நாங்கதான் வேலையே செய்யறதில்லையே மந்திரியாரே. நேத்துலேருந்து விளையாட மனசில்லைங்க.”

“ராஜா கட்டளை! உடனே விளையாடு!”

“கட்டளை போட்டுச் செய்யச் சொல்றீங்க. செய்யலேன்னா விரட்டுவேன்கிறீங்க. அதுக்குப் பேரு விளையாட்டுங்களா? வேறென்ன பேரு, நீங்களே சொல்லுங்க.”

நரி வாயைத் திறந்தது. ஈக்கள் காத்திருந்தன. மூடிக்கொண்டது.

கீழே உட்கார்ந்திருந்த ராஜாவுக்கு எழுந்தால் மறுபடி வழுக்கும் என்று பயம். உட்கார்ந்தபடியே சொன்னார். “வேலை. அதுக்குப் பேரு வேலைதான். போதுமா?”

அதுவரை வாயே திறக்காத கழுதை ஒன்று முன்னால் வந்தது. “கல்லோட செத்தது எங்க தாத்தன். இவங்க உருட்டிவிடலேன்னா மத்தவங்களும் அன்னைக்கே செத்திருப்பாங்க. தலைவரே, பேரைக் கொத்துங்க. கொத்தாட்டி எனக்கு இந்தப் பூ வேண்டாம்.”

எறும்புகள் எங்களுக்கும் வேண்டாம் என்றன. தேனீக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு, எங்களுக்கும்தான் என்றன. மரங்கொத்தி பறந்து வந்தது. “இதைத்தான் நான் ஆறு வருஷமா சொல்லிக்கிட்டிருக்கேன்,” என்று சொல்லிவிட்டு, தேனீயின் பெயருக்குக் கீழே ‘சாணி வண்டு’ என்று கொத்தியது. குப்பாண்டி அதையும் மறக்காமல் உள்ளே எடுத்து வைத்துக்கொண்டது.

“சரி, எழுதியாச்சு,” என்றார் ராஜா. “இனி நீங்களும் உழைப்பாளிங்க. சீக்கிரம் வந்து இதையெல்லாம் எடுங்க.”

குப்பாண்டி பணிவாகத் தலை குனிந்தது.

“எடுக்கலாம் ராஜா. ஆனா இன்னைக்கு உழைப்பாளர் திருநாளாச்சே. எங்களுக்கு மூணு நாள் விடுமுறை.”

பெரியநாச்சிக்கு மறுபடியும் சிரிப்பு வந்துவிட்டது. இந்த முறை கழுதைகளும் சேர்ந்துகொண்டன.

ராஜா மரத்தைப் பார்த்தார். தன் வாலைப் பார்த்தார். கடைசியில் நரியைப் பார்த்தார்.

“மந்திரி, உன் பேரு இந்த மரத்துல இருக்கா?”

“இல்லை ராஜா.”

“விளையாட்டுன்னு சொன்னது நீதானே? வா, வந்து விளையாடு.”

வெயில் ஏறுவதற்குள் குப்பாண்டியும் பூவாயியும் ஓடையைத் தாண்டிவிட்டன. அக்கரை மேட்டில் நின்று பூவாயி ஒருமுறை திரும்பிப் பார்த்தது. திடலில் நரி தலைகீழாகப் பின்னங்கால்களை ஓர் உருண்டையில் வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தது. உருண்டை உடைந்தது. நரி அதன்மேலேயே விழுந்தது.

“முதல் தடவைக்குப் பரவாயில்லைங்க,” என்றது பூவாயி. “வாங்க, அம்மா காத்திருப்பாங்க.”

அடுத்தவர் உழைப்பை விளையாட்டு என்று சொல்பவர், அதை மூன்று நாளாவது தாமே விளையாடிப் பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.