செண்பகவல்லி இல்லம், 2004

“டீச்சர், செத்துப்போனவங்க கடிதம் போடுவாங்களா?”

குழந்தைவேலு போனில் கேட்டது அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் ரெஜினா டீச்சர் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

வாசலில் செருப்பைக் கழற்றியவர், தலையை நிமிர்த்தி எதையோ பார்த்தார். பிறகு உள்ளே வந்தார்.

“யார் போட்டது?”

“செண்பகம்.”

மனைவி செண்பகவல்லி போய் நான்கு வருடம் ஆகிறது. மூன்று நாளுக்கு முன் அவளுடைய முகவரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது.

“என்ன எழுதியிருந்தாங்க?”

“‘அன்புள்ள ஐயா, இந்தப் படங்களைப் பாருங்கள்’னு. கீழே நீல எழுத்துல ஒரு இணைப்பு.”

“உங்களை என்னைக்காவது அவங்க ஐயான்னு கூப்பிட்டிருக்காங்களா?”

“மனுஷான்னு கூடக் கூப்பிட்டதில்லை. ‘ஏங்க’தான்.”

“அப்புறம் ஏன் திறந்தீங்க?”

மூன்று நாளாகக் குழந்தைவேலுவும் தன்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஏமாந்தோமா? ஏமாற ஆசைப்பட்டோமா?

“திறந்தா கடவுச்சொல்லைக் கேட்டுச்சு. கொடுத்தேன். வெள்ளையா ஒரு பக்கம் வந்துச்சு. அவ்வளவுதான். இப்ப மஸ்கட்ல இருக்கிற சிநேகிதனெல்லாம் கூப்பிட்டு, என்னப்பா கண்ட கண்ட இணைப்பை அனுப்புறேங்கிறான். அவ தங்கச்சிக்கும் போயிருக்கு. அக்கா பேரைப் பார்த்ததும் அந்தப் பைத்தியமும் திறந்திருக்கு.”

“உங்க மின்னஞ்சல் பெட்டியில இப்ப என்ன இருக்கு?”

“பதினொரு வருஷம்.”

மஸ்கட்டில் அவர் இருந்த பதினொரு வருடமும் செண்பகம் எழுதியவை. மோட்டார் பழுது, மகளுக்கு அம்மை, மழையில் சாய்ந்த முருங்கை. எல்லாம் அதற்குள் இருந்தன.

டீச்சர் தன் கணினியைத் திறந்தார். குழந்தைவேலுவின் மின்னஞ்சல் முகவரியை அடித்தார். அவரிடம் ஒன்றும் கேட்காமல் கடவுச்சொல்லையும் அடித்தார்.

பெட்டி திறந்துகொண்டது.

குழந்தைவேலு நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். “உங்களுக்கு யார் சொன்னது?”

டீச்சர் அவரை வாசலுக்கு அழைத்துப்போனார். மேலே கையைக் காட்டினார்.

கறுப்புக் கல்லில் பொன்னிற எழுத்து. செண்பகவல்லி இல்லம். அதன் கீழே, 2004.

பால்காரர் சைக்கிளில் போனார். “என்ன சார், வீட்டை விக்கப் போறீங்களா?”

“போய்யா,” என்றார் குழந்தைவேலு.

உள்ளே வந்ததும் டீச்சர் கேட்டார்:

“அவங்க பெட்டிக்கும் இதேதானே?”

“ஆமா. வீடு குடிபோன அன்னைக்கு ரெண்டுக்கும் நான்தான் வச்சேன். மாசம் ஒரு தடவை அவ பெட்டியையும் திறந்து பார்ப்பேன்.”

“திருடன் முதல்ல அங்கதான் நுழைஞ்சிருக்கான். அப்புறம் அவங்க பேர்ல உங்ககிட்ட. மாத்துங்க.”

“மாட்டேன் டீச்சர்.”

“ஏன்?”

“தினமும் அவ பேரை எழுதுற இடம் இது ஒண்ணுதான் பாக்கி.”

டீச்சர் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்துச் செருகினார். கடிதங்கள் ஒவ்வொன்றாக அதில் இறங்கத் தொடங்கின.

“என்ன செய்றீங்க?”

“அவன் முந்திக்கிட்டு மாத்திட்டான்னா நீங்க வெளியே, அவன் உள்ளே. நீங்க யோசிச்சு முடிக்கிறதுக்குள்ள எத்தனையைக் காப்பாத்த முடியுதோ பார்ப்போம்.”

திரையில் எண்கள் ஓடின. 2005. முருங்கை சாய்ந்த வருடம்.

“என் மையத்துல அவங்க அடிச்ச முதல் கடிதம் இதுல இருக்கா?” என்றார் டீச்சர்.

“இல்ல. அந்தப் பழைய முகவரியையே எப்பவோ மூடிட்டாங்க. எங்கேயும் இல்ல.”

“அதை நான் படிக்கலை. நீங்க படிச்சீங்க.”

குழந்தைவேலு நிமிர்ந்து பார்த்தார்.

அறந்தாங்கியில் டீச்சர் நடத்திய கணினி மையம் நினைவுக்கு வந்தது. வெளியே வரிசையாகச் செருப்புகள். உள்ளே ஊரிலேயே குளிரான அறை. கணினிக்குப் பூப்போட்ட துணி உறை. விசா வந்திருந்த அவரும், நான்கு மாதக் கர்ப்பிணியான செண்பகமும் ஒரே கணினிக்கு முன்னால் இரண்டு முக்காலிகள் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

டீச்சர் அங்கே ஒரு சட்டம் வைத்திருந்தார். ஒருவர் கடவுச்சொல் அடிக்கும்போது மற்றவர் சுவரைப் பார்க்க வேண்டும். புருஷனானாலும் சரி.

செண்பகம் கடவுச்சொல்லோடு நிற்கவில்லை. அவரைச் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு, பக்கத்திலிருக்கும் அவருக்கே தன் முதல் கடிதத்தையும் அடித்தாள். ஒற்றை விரலால், ஆங்கில எழுத்தில் தமிழாக, முற்றுப்புள்ளியே இல்லாத ஒரு வாக்கியம். அவர் படித்தார். காது சிவந்தது. “சரி” என்று மட்டும் பதில் அடித்தார்.

“அதை யாருக்காவது சொல்லியிருக்கீங்களா?”

“சீ, அதை எப்படி டீச்சர் சொல்றது!”

“மறந்துடுச்சா?”

அவர் தலை அசைந்தது. இல்லை என்று.

டீச்சர் கணினியை அவர் பக்கம் தள்ளினார். “உங்க கணினியைச் சுத்தம் பண்ணித் தர்ற வரைக்கும் என்னுதுலேயே அதை அடிங்க.” புதிய கடவுச்சொல்லுக்கான கட்டம் காலியாக இருந்தது. ஒரு கோடு அதில் விட்டு விட்டுத் துடித்தது.

பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

குழந்தைவேலு ஒற்றை விரலால் ஆரம்பித்தார். தட். தட். நடுவில் ஒருமுறை நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். மறுபடியும் தட். தட்.

சுவரைப் பார்த்தபடியே டீச்சர் கேட்டார்:

“இன்னுமா முடியலை?”

“அவ கொஞ்சம் அதிகமாத்தான் பேசுவா டீச்சர். இருங்க.”