ராஜாவின் புஜம் போன இடம்

“கூடை கூடையாக முட்டை தின்றாயிற்று. அண்டா அண்டாவாக நெஞ்செலும்பு ரசம் குடித்தாயிற்று. சுண்டல், உளுந்தங்களி, எருமைத் தயிர், எதையாவது விட்டேனா? என் புஜம் மட்டும் இன்னும் கொழுக்கட்டை மாவாட்டம் குழைகிறது. உன் சமையலில் சத்தே இல்லை, கோமளம்.”

சொன்னவர் பனங்குடிச் சீமையை ஆண்ட ராஜா பராங்குசர். சபை நடுவில் மேலாடையை விலக்கி, கையை மடக்கிக் காட்டியபடி சொன்னார். மடக்கிய இடத்தில் ஒன்றும் எழும்பவில்லை. கீழே ஏதோ தொங்கியது.

கோமளவல்லி அரண்மனை மடைப்பள்ளியின் அதிகாரி. சபையில் அவளுக்கு ஆசனமும் உண்டு, யாருக்கும் அஞ்சாத நாக்கும் உண்டு.

“சத்து இல்லையென்றால் அந்தத் தொப்பை எங்கிருந்து வந்தது, மகாராஜா? சீர்வரிசையில் வந்ததா?”

சபை சிரிப்பை விழுங்கிக்கொண்டது. ராஜா கோபத்தை விழுங்கவில்லை.

விஷயம் இதுதான். கோட்டை வாசலில் வைக்கத் தனக்கு ஒரு கற்சிலை செய்யச் சொல்லியிருந்தார். சிற்பி பிழைக்கத் தெரிந்தவன். தூண் மாதிரி இரண்டு கைகளைச் செதுக்கிவிட்டான். ராணி வடிவாம்பாள் சிலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “நன்றாக இருக்கிறார். யார் இவர்?” என்று கேட்டாள். அன்றைக்கு ராஜாவுக்குத் தூக்கம் போயிற்று. பசி வந்தது.

பயிற்சி சொல்லித்தர வந்தவர் வஸ்தாது வீரபாகு. பாதாமும் நெய்யும் பூட்டியிருக்கும் மடைப்பள்ளிச் சாவிமேல் அவருக்கு நெடுநாளாகக் கண்.

“என் பயிற்சியில் பிசகே இல்லை, ராஜா. அம்மாளின் கைப்பக்குவம்தான் சரியில்லை” என்றார் அவர், மீசையில் ஒட்டியிருந்த அல்வாவைத் துடைத்தபடி.

ராஜா முடிவைச் சொல்லிவிட்டார். “சிலை திறக்கும் நாளுக்குள் புஜம் வர வேண்டும். வராவிட்டால் சாவியை வஸ்தாதிடம் கொடுத்துவிட்டு உன் ஊரைப் பார்த்துப் போ.”

கோமளமோ அந்த அடுப்படியில் தலை நரைத்தவள். போக ஊரும் இல்லை. ஆனாலும் வாய் நிற்குமா?

“தண்டால் எடுக்கிறீர்களா, மகாராஜா?”

“தவறாமல். மாசானம் எடுக்கிறான்.”

இது பனங்குடி வழக்கம். ராஜாவின் வியர்வை மண்ணில் விழுந்தால் மழை பொய்க்குமாம். எந்தக் காலத்துச் சோம்பேறி ராஜா கட்டிவிட்ட கதையோ. அதனால் வியர்க்கிற வேலைக்கெல்லாம் ஒரு பதிலாள் உண்டு. ராஜா பெயரைச் சொல்லி மாசானம் காவடி எடுப்பான், தேர் இழுப்பான், விரதமும் இருப்பான். விரதத்தில் எங்கே வியர்வை என்று கேட்காதீர்கள். பசித்தால் ராஜாவுக்கு வியர்க்கும். புண்ணியமெல்லாம் ராஜாவுக்கு. இப்போது தண்டாலும், உட்கார்ந்து எழும் பஸ்கியும் மாசானத்தின் தலையில் விழுந்திருந்தன.

கோமளம் ஓரமாக நின்ற மாசானத்தைப் பார்த்தாள். முருங்கைக்காய்க்கு வேட்டி கட்டியதுபோல் இருந்தான். பாதி நாள் கஞ்சி, மீதி நாள் விரதம், நாள் முழுக்கத் தண்டால்.

“கல்லும் சுண்ணாம்பும் உங்கள் முற்றத்தில் குவிந்து கிடக்கின்றன. கொத்தனார் அடுத்த தெருவில் வெறுங்கையோடு நிற்கிறான். எந்தத் தெருவில் வீடு எழும்பும், மகாராஜா?”

“வழக்கத்தை மாற்றச் சொல்கிறாள். மழை போய்விடும், ராஜா” என்று குறுக்கே விழுந்தார் வஸ்தாது.

“யார் மாற்றச் சொன்னது? வழக்கப்படியே போவோம். தண்டாலுக்குப் பதிலாள் உண்டு. சாப்பாட்டுக்கும் அவனே இருக்கட்டும். மகாராஜாவுக்குப் போகிற முட்டையும் பயறும் பாலும் அவனுக்கும் போகட்டும். சிலை திறக்கும்வரை அவனுக்கு விரதம் கிடையாது.”

“என் பங்கு குறையுமா?” என்று கேட்டார் ராஜா, மிகுந்த கவலையோடு.

“குறையாது. வஸ்தாது ருசி பார்க்கிற பங்கைத்தான் திருப்பிவிடப் போகிறேன்.”

ராஜா சம்மதித்தார். வஸ்தாதுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

இன்று முண்டா முறுக்கிய படம் ஒட்டி டப்பாவில் விற்கிறார்களே, அந்தப் புரதச் சத்தெல்லாம் முட்டையாகவும் கொள்ளாகவும் கறியாகவும் மாசானத்துக்குள் இறங்கியது. தண்டால் அதைக் காதைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வைக்கவேண்டிய இடத்தில் வைத்தது. முதலில் கழுத்து தடித்தது. பிறகு தோள். பிறகு புஜம். அரண்மனைப் பெண்களுக்குத் தண்டால் நடக்கும் பக்கமாகத் திடீரென்று நிறைய வேலை வந்தது.

சிலை திறப்பு நாள். திரை விலகியது. ராணி சிலையைப் பார்த்தாள். பக்கத்தில் குடை பிடித்து நின்ற மாசானத்தைப் பார்த்தாள்.

“இப்போது தெரிகிறது, யாரென்று” என்றாள்.

ராஜாவுக்குக் காது சிவந்தது. “கோமளம், என் புஜம் எங்கே?”

“அதோ, குடை பிடித்து நிற்கிறது. உங்கள் பெயரில் எடுத்த தண்டால், உங்கள் பெயரில் தின்ற முட்டை. எல்லாம் முறைப்படிதான் நடந்தது.”

“அப்படியென்றால் எனக்கல்லவா வந்திருக்க வேண்டும்?”

“புண்ணியம் கண்ணுக்குத் தெரியாது, மகாராஜா. அவன் பட்டினி கிடந்த புண்ணியம் உங்களுக்கு வந்து சேர்ந்தது என்றால் யார் போய்ப் பார்த்தார்கள்? புஜம் வெளியே தெரிகிற சாமான். உழைத்தவனைவிட்டு நகராது.”

ராணி மெல்லக் கேட்டாள், “இன்றைக்கு ஊர்வலத்தில் என் பக்கத்தில் உட்காரவும் பதிலாளே வரலாமில்லையா?”

சபை தரையைப் பார்த்தது. ராஜா ராணியைப் பார்த்தார், மாசானத்தைப் பார்த்தார், தன் தொப்பையைப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். நிறைய இருந்ததால் நிறையவே குலுங்கியது.

“சாவி உன்னிடமே இருக்கட்டும், கோமளம். மாசானம் இனிக் காவல்படைத் தலைவன். என் விரதங்களுக்கு இன்றுமுதல் வஸ்தாதுதான் பதிலாள்.”

“ராஜா, நாளைக்கே ஏகாதசி” என்றார் வஸ்தாது, ஈனக் குரலில்.

“மழை பொய்த்தால் பார்த்துக்கொள்வோம்” என்று சொல்லி, ராஜா கிரீடத்தைக் கழற்றினார். எல்லோரும் பார்க்க மண்ணில் கையூன்றினார். முதல் தண்டாலுக்கு இறங்கினார். இறங்கியவர் இறங்கியவர்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மண்ணிலிருந்து குரல் வந்தது.

“கோமளம், இறங்குவதை நான் செய்துவிட்டேன். ஏறுவதை மட்டும் மாசானத்தை எடுக்கச் சொல்லேன்.”