பூவனூருக்கு ஒரு காரணம்

விமானக் கம்பெனி முதலாளி ஆவுடையப்பனுக்குத் தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். விமானிகள் குடியிருந்து வேலைக்குக் கிளம்பும் புதுத் தளம் பூவனூரில்தான் என்று முடிவுகட்டிவிட்டு, காரணம் எழுதச் சொல்லி டியூட்டி போடும் குமாஸ்தா தங்கபுஷ்பத்தை அழைத்தார்.

“விமானம் எங்கே ராத்தங்குதோ அங்கேதான் சார் தளம் வைப்பாங்க. பூவனூருக்கு வர்ற ஒரே விமானமும் அரைமணியில திரும்பிடுதே!”

“சாயங்காலக் கூட்டத்துக்குள்ளே ஒரு காரணம் கண்டுபிடி!”

கூட்டத்தில் அவள் எழுந்தாள். “கிடைச்சிடுச்சு சார். தளம் வைக்கிறப்போ, விமானிங்க எந்த ஊர்ல இருக்க ஆசைப்படறாங்கன்னும் பார்ப்பாங்க. மாற்றல் மனுவெல்லாம் புரட்டினேன். பூவனூர் வேணும்னு ஒருத்தர் கேட்டிருக்கார். பேரைப் போடட்டுமா, உங்க மாப்பிள்ளைன்னு போட்டாலே போதுமா?”

ஆவுடையப்பனுக்குக் காது மடல் சுட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்துத் தொலைத்திருந்தாலாவது தேவலை என்றிருந்தது அவருக்கு.